தளும்பாத நடை

மாரி முடிந்து பனிக்காலம் தொடங்கிய ஒரு காலையில், புளியங்கூடலில் உள்ள எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நான் வழுக்கி விழுந்தேன். தலையில் நீர் வார்த்தபடியே பதிகம் பாடுவது என் வழக்கம். அன்று நான்காம் பாட்டு முடிந்தபோது நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாம் பாட்டைத் தொடங்குமுன் பாசி படிந்த சீமெந்துத் தரையில் கிடந்தேன். இடது தொடையெலும்பு முறிந்த ஓசை எனக்குக் கேட்கவில்லை. குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற என் மனைவிக்குக் கேட்டதாம்.

ஓடி வந்தவள் அயலாரைக் கூப்பிடவில்லை; முதலில், கடலுக்கு அப்பால் கோயில் கொண்டிருக்கும் நயினாதீவு நாகம்மாளைத்தான் கூப்பிட்டாள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மேற்குப் பக்கம் பார்த்து, உரத்த குரலில் நேர்ந்தாள்:

"அம்மாளே, இவர் திரும்ப நடந்தாரெண்டால், துறையடியிலயிருந்து உன்ர சந்நிதி மட்டும் செம்பு முட்டப் பாலோட, ஒரு துளி நிலத்தில சிந்தாமல், தன்ர காலால நடந்து வருவார்."

நேர்ந்தவள் அவள், நடக்க வேண்டியவன் நான். ஒரு செம்புப் பால் என்று நிறுத்தியிருக்கலாம். செம்பு முட்ட என்று ஏன் சொன்னாள், சிந்தாமல் என்று ஏன் சேர்த்தாள் என்று பின்னர் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் சின்ன நேர்த்தி போதாதென்று பட்டது என்பதே அவளது பதில். அவளது குரல் கேட்டு வேலியிலிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடி வந்த அயல்வீட்டுக்காரர் இந்த உடன்படிக்கைக்குச் சாட்சியானார். அவர் மூன்று பசுக்கள் வளர்ப்பவர். ஊரில் எவருடைய துன்பத்தையும் ஒரு பகிடி சொல்லிச் சிரிக்கவைத்து ஆற்றிவிடலாம் என்று நம்புகிறவர்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் எலும்புக்குத் தகடு வைத்தார்கள். காயம் ஆறியதும் காலைப் பழக்குவதற்கு ஓர் இளம் பெண் வந்தாள். கட்டிலில் நீட்டிக் கிடந்த என் குதிக்காலின் கீழ் ஒரு பொலித்தீன் பையை வைத்துவிட்டு, "ஐயா, காலைத் தூக்காதேங்கோ. அப்பிடியே கிளைட் பண்ணுங்கோ" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் தன் உள்ளங்கையைக் கட்டில் விரிப்பின் மேல் வைத்து, ஓசையின்றி முன்னே நகர்த்திக் காட்டினாள். பிறகு என் குதிக்கால், பொலித்தீனின் மேல், மடங்கி மடங்கி என்னை நோக்கி வந்தது. நோவில் கண்ணீர் வந்தது. ஆயினும் அந்த அசைவில் ஓர் அழகு இருந்ததை மறுக்க முடியாது.

வீடு திரும்பியதும் அலுமாரியிலிருந்து பழைய ஆங்கில அகராதியை எடுப்பித்து, அவள் சொன்ன 'கிளைட்' என்ற சொல்லைத் தேடினேன். நாட்டின் தென்பகுதியில் கடை வைத்திருந்த நாளில், ஆங்கிலத்தில் வந்த கடிதங்களை வாசிப்பதற்காக வாங்கியது அது. சிறகை அடிக்காமல் பறவை வானில் செல்வதற்கு அந்தச் சொல். அலையில்லாத நீரில் தோணி செல்வதற்கும் அதுவே. இயந்திரமில்லாத விமானம், ஆடுபவரின் பாதம், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளி தெரியாமல் செல்லும் குரல், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். ஓர் உயிரொலி இன்னோர் உயிரொலியைச் சந்திக்கும்போது நடுவில் வந்து இருவரையும் இணக்கும் யகர வகரங்களுக்கும் அந்தப் பெயர்தானாம். நம்முடைய இலக்கணகாரர் அதை உடம்படுமெய் என்றார்கள். இரண்டு உயிர்கள் உடம்படுவதற்கு ஒரு மெய் தேவைப்படுகிறது என்பதை, காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தபோதுதான் நிதானமாக இரசித்தேன்.

நாம் அவற்றையெல்லாம் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைக்கவில்லை. பாம்பு ஊரும். குழந்தை தவழும். பருந்து மிதக்கும். குரல் இழையும். கை தவறினால் பாத்திரம் நழுவும். கிணற்றடியில் கிழவன் வழுக்குவான். இறைவனைப் பாடியவர்களும் அவன் விடையின் மேல் ஏறி வருவதை ஊர்தல் என்றுதான் பாடினார்கள். மண்ணோடு ஒட்டிச் செல்லும் பாம்புக்கும், மலைபோன்ற எருதின் மேல் வரும் பெருமானுக்கும் ஒரே வினையைக் கொடுப்பதற்கு அவர்கள் கூசவில்லை. ஆனால் நம் சொற்களில் பாதியளவுக்கு ஓர் அச்சம் கலந்திருக்கிறது. நழுவினால் இழப்பு, வழுக்கினால் முறிவு. அந்தப் பெண் என் காலுக்குச் சொல்லித் தந்த அசைவில் விழுகை என்ற எண்ணமே இல்லை. அப்படியொரு நடை எனக்கு வாய்க்குமா என்பதுதான் பங்குனி மாதம் முழுவதும் எங்கள் வீட்டின் கேள்வியாக இருந்தது.

ஏனென்றால் நான் நடந்தேன். ஆனால் நொண்டி நடந்தேன். இடது கால் ஒரு விரற்கடை குறுகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒருபக்கம் சாய்ந்து எழும். கையில் செம்பும் சேர்ந்து சாயும். முற்றத்தில் தண்ணீர் நிறைத்த செம்போடு நான் பழகத் தொடங்கினேன். வேப்பமரத்தடியிலிருந்து வேலிப் படலை வரைக்கும் நடந்தால், பின்னால் ஈரப்பொட்டுகள் வரிசையாக வரும். மனைவி குனிந்து அவற்றை எண்ணுவாள். முதல் நாள் நாற்பத்தொன்று. எண்ணி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவளுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. கால் வந்துவிட்டது, நேர்த்தி நிற்கிறது. கொடுத்தவள் திரும்ப எடுத்துவிட்டால்? இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நான் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் பின்னால் வந்து நின்றாள். பாடிக்கொண்டு குளிக்க வேண்டாம் என்று தடுத்தாள். முப்பத்தெட்டு ஆண்டுகளாக என்னைப் பாடவேண்டாம் என்று சொல்லாதவள் அவள்.

அயல்வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செம்புக்கு ஒரு மூடி போடலாம் என்றார். மூடினால் சிந்தாமல் வருவது மூடியின் கெட்டித்தனம், இவருடையதல்ல என்று மனைவி மறுத்தாள். மறுநாள் அவர் வேறொரு வழியோடு வந்தார்.

"அண்ணை, பாலைத் தயிராக்கிக் கொண்டு போங்கோ. செம்பைக் கவிட்டாலும் விழாது. பாலிலயிருந்து வந்ததுதானே, அம்மாள் கோவிக்க மாட்டா."

மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான் மட்டும் அந்த யோசனையை உடனே தள்ளிவிடவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பழகப் பழக இரண்டு உண்மைகள் புலப்பட்டன. செம்பைப் பார்த்துக்கொண்டு நடந்தால் நீர் தளும்பும். கண் அசைவைக் கண்டதும் கை அதைத் திருத்தப் போய், திருத்தமே புதிய அசைவாகிவிடும். பார்க்காமல் நடந்தால் தளும்பல் குறையும். மற்றது, அடியை எடுத்து வைக்காமல், பாதத்தை மணலோடு ஒட்டி முன்னே செலுத்தினால் உடம்பு சாய்வதில்லை. அந்தப் பெண் கட்டிலில் பழக்கியதை நான் நிலத்துக்குக் கொண்டுவந்தேன். இவற்றோடு, மிக மெதுவான விளம்ப காலத்தில் ஒரு பதிகத்தை மனத்துள் பாடினேன். குரல் சுரத்திலிருந்து சுரத்துக்கு இழையும்போது பாதமும் அதன் வழியே போயிற்று. ஈரப்பொட்டுகள் பன்னிரண்டாயின, ஐந்தாயின. ஒரு மாலை மனைவி படலை வரைக்கும் குனிந்து தேடிப் போய், நிமிர்ந்து, "வெள்ளிக்கிழமை போவம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே அயல்வீட்டுக்காரர் கறந்த பாலைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் குளித்து, திருநீறு அணிந்து, வழிபாட்டை முடித்து வந்தபோது, மனைவி பால்கானைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறியிருந்தாள். வேலணையில், படகுத்துறை இருக்கும் குறிகட்டுவானுக்குப் பஸ் பிடித்தோம். கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி வீதியின் குழிகளில் பஸ் துள்ளும்போதெல்லாம் அவள் கானை நெஞ்சோடு அணைத்தாள். ஒருமுறை நான் வாங்கிப் பிடித்தேன், இளஞ்சூடாக இருந்தது. மடிச்சூடு இன்னும் ஆறவில்லை, நல்ல பசு என்று எண்ணிக்கொண்டேன்.

படகில் சனம் நெருக்கம். ஆயினும் கடல் அன்று எண்ணெய்போல் கிடந்தது. வாயில் பூவோடு ஒரு நாகம் இந்தக் கடலைக் கடந்து அம்மாளுக்குப் பூசை செய்ய வந்ததாகவும், கருடன் அதைத் துரத்தியதாகவும், பின்பு அவள் பெயரால் இரண்டும் பகை தீர்ந்ததாகவும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மேலே ஒரு செம்பருந்து சிறகசையாமல் எங்களோடு வந்தது. நீரில் ஊர்ந்ததும் வானில் மிதந்ததும் அவளிடத்தில் சமாதானமாகினவென்றால், ஒரு நொண்டிக் காலுக்கும் அவளிடம் இடமிருக்கும் என்று துணிந்தேன்.

நயினாதீவுத் துறையடியில் இறங்கியதும் சால்வையை இடுப்பில் கட்டினேன். மனைவி பித்தளைச் செம்பில் பாலை வார்த்தாள். விளிம்பு வரை வார்த்தாள். அதற்கு மேலும் நாலு துளி வார்த்தாள். முன்னால் சென்றவர்கள் விலகும் வரைக்கும் அந்தக் காற்றில் சற்று நேரம் காத்து நின்றோம். பின்பு நடந்தேன். கோபுரத்தில் கண்ணை வைத்து, மனத்துள் பதிகத்தைத் தொடங்கி, வெறும் பாதத்தை நிலத்தோடு செலுத்தினேன். எதிரே வந்த ஒருவர் விலகி வழிவிட்டார். ஒரு பெண் தன் பிள்ளையைக் கையில் பிடித்து ஓரமாக்கினாள். பாதி வழியில் ஆசை பொறுக்காமல் செம்பைப் பார்த்தேன். பால் அசையவே இல்லை. கண்ணாடி போலக் கிடந்தது. எனக்குள் ஒரு பெருமிதம் எழுந்தது என்பதை மறைக்க மாட்டேன். யோகிகளுக்குக் கைகூடுவது புளியங்கூடலில் ஒரு பழைய கடைக்காரனுக்கும் கைகூடியதே என்று வியந்துகொண்டே சந்நிதியை அடைந்தேன். ஒரு துளியும் சிந்தவில்லை. மனைவி வழியெல்லாம் பார்த்து வந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தாள்.

குருக்கள் செம்பை வாங்கினார். அபிடேகத்துக்குக் கொண்டு போனவர், உள்வாசலில் நின்று, செம்புக்குள் உற்றுப் பார்த்தார். திரும்பி வந்தார். அவர் முகத்தில் கோபமில்லை. சிரிப்பை அடக்கும் முயற்சி இருந்தது.

"அம்மா, இது காய்ச்சின பாலோ?"

மனைவியின் கைகள் குவிந்தபடியே நின்றன. பாலின் மேல் தடித்த ஆடை படிந்திருந்தது. அபிடேகத்துக்குப் பச்சைப் பால்தான் வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். ஆனால் எங்கள் குசினியில் பால் வந்தால் அடுப்பில் ஏறும். முப்பத்தெட்டு ஆண்டாக அவள் கை செய்துவருவது அதுதான். அன்று விடியப்புறம் மனம் நேர்த்தியில் கிடந்தது. கை தன் பாட்டில் காய்ச்சிவிட்டது. நானும் அடுப்புச் சூட்டை மடிச்சூடென்று புகழ்ந்தவன். நான் சாதித்ததாக எண்ணிய அசையாமை, என் நடையினால் வந்ததல்ல. அந்த ஆடை பாலின் மேல் ஒரு மூடியாகக் கிடந்திருக்கிறது.

காய்ச்சிய பாலை நிவேதனமாக வைக்கலாம், அதில் குற்றம் எதுவுமில்லை, நேர்த்தி நிறைவேறியதென்றே கொள்ளலாம் என்று குருக்கள் ஆறுதலாகச் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன். மனைவி தலையாட்டினாள். பின்பு தூணோடு போய் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மடத்தில் அன்னதானத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டபோது தனக்குப் பசியில்லை என்றாள். நான் தனியே போய் உண்டேன். வாயில் எதுவும் சுவைக்கவில்லை. நான் மூடியோடு நடந்திருக்கிறேன் என்று அவள் நினைக்கிறாள். அம்மாள் அந்த நடையை ஏற்கமாட்டாள் என்றும், அதனால் என் கால் போய்விடும் என்றும், அதற்குக் காரணம் தன் கையே என்றும் அவள் நினைக்கிறாள். இதை என்ன சாத்திரம் சொல்லி மாற்றுவது?

நான் திரும்பி வந்து அவளருகில் நின்று, "இன்னொருக்கா நடக்கிறன்" என்றேன்.

"கால் ஏலாதப்பா."

"ஏலும்."

குருக்களிடம் கேட்டேன். கோயிலுக்குப் பின்னால், பசு வைத்திருக்கும் ஒரு வீட்டைக் காட்டினார். அந்த வீட்டம்மா மூன்றரை மணிக்குத்தான் கறப்பாவாம். மாலை அபிடேகத்துக்கு நேரம் சரியாக இருக்குமாம். அதுவரை அவர்களுடைய மாட்டுக்கொட்டில் நிழலில் ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். எங்கள் கதையைக் கேட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பசுவே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற என் மனைவியும், அன்று முதல் தடவையாக, சிறிது சிரித்தாள். கறந்த பாலில் நுரை பொங்கி நின்றது. மனைவி அது அடங்கும் வரைக்கும் குந்தியிருந்து பார்த்தாள். நுரையும் ஒரு மூடியாகிவிடும் என்பது அவள் அச்சம்.

மீண்டும் துறையடிக்குப் போனோம். மீண்டும் செம்பு முட்ட வார்த்தாள். இம்முறை பால் மெலிந்து, உயிரோடிருந்தது. நான் மூச்சு விட்டாலும் விளிம்பில் ஓடி வந்து எட்டிப் பார்த்தது. காலையில் கொண்ட பெருமிதம் எனக்கு இல்லை. கால் நொந்தது. ஆகவே பதிகத்தை மனத்துள் அல்ல, வாய்விட்டே பாடினேன். மெல்லிய குரலில், நீட்டி, ஒரு சொல்லின் இறுதியை அடுத்த சொல்லின் தொடக்கத்தோடு இழைத்துப் பாடினேன். மனைவி என் இடப்பக்கத்தில், குறுகிய காலின் பக்கத்தில், நடந்தாள். என்னைப் பிடிக்கவில்லை, பிடித்தால் அது நேர்த்தியாகாது. ஆனால் அவள் பாதங்களும் நிலத்தோடு ஒட்டியே வந்தன. கிணற்றடியில் பாட வேண்டாம் என்றவள், நான் ஓரிடத்தில் வரி மறந்து தடுமாறியபோது, அந்த வரியைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.

கோபுர வாசல் வரைக்கும் ஒரு துளி விழவில்லை. அங்கே வாசற்படி இருந்தது; காலையில் பாலாடையின் தயவால் நான் கவனியாமலே ஏறிய படி. படியில் பாதத்தைச் செலுத்த முடியாது. தூக்கித்தான் வைக்க வேண்டும். வலது காலைத் தூக்கி வைத்தேன். இடது காலைத் தூக்கும்போது உடம்பு ஒருமுறை சாய்ந்தது. விளிம்பில் நின்ற பால் ஒரு துளியாகத் திரண்டு, செம்பின் கழுத்தால் இறங்கி, என் மணிக்கட்டில் வந்து நின்றது.

நான் பாட்டை நிறுத்தினேன். இருவரும் அந்தத் துளியைப் பார்த்தோம். பின்பு அவள் குனிந்து என் பாதங்களைச் சுற்றி நிலத்தைப் பார்த்தாள். முற்றத்தில் நாற்பத்தொரு பொட்டுகளை எண்ணியவள் அப்படியொரு கவனத்தோடு அந்தக் கல்லைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"நிலத்தில ஒண்டும் இல்லை. நடவுங்கோ."

"கையில விழுந்திட்டுதே" என்றேன். நாளையோ அடுத்த வெள்ளியோ திரும்ப வரவேண்டுமென்றாலும் நான் ஆயத்தமாகவே இருந்தேன்.

"உங்கட கை என்ன நிலமே? எனக்கெல்லோ தெரியும் நான் நேர்ந்தது. நடவுங்கோப்பா, அபிடேகம் தொடங்கப் போகுது."

நடந்தேன். குருக்கள் இம்முறையும் செம்புக்குள் பார்த்து, சிரித்து, உள்ளே கொண்டு போனார். திரை விலகியபோது ஐந்தலை நாகத்தின் மேல் பால் வழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படத்திலும் சற்று நின்று, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, அம்மாளின் திருமுகத்தை நனைத்து ஓடியது. மனைவி கைகுவிக்க மறந்து பார்த்தாள். பிரசாதமாகக் கிடைத்த பாலில் பாதியை அங்கேயே குடித்துவிட்டு, பசிக்கிறது என்றாள். மடத்தில் கேட்டுப் பார்த்தோம், சோறு முடிந்திருந்தது. துறையடிக் கடையில் இரண்டு வடையும் ஒரு வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தேன். எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் உண்டாள்.

கடைசிப் படகில் எங்களுக்கு அடித்தட்டில் இடம் கிடைத்தது. படகு புறப்பட்ட சற்று நேரத்தில், எதிரே இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்பதையும் பாராமல், அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் விழுந்த நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. இடது கால் விண்விண்ணென்று வலித்தது. நீட்டினால் நோவு குறையும். நீட்டினால் அவள் விழித்துவிடுவாள். குறிகட்டுவான் துறைப் பாலத்தில் படகு மோதி நிற்கும் வரைக்கும் நான் அந்தக் காலை அசைக்கவில்லை.